சின்னது

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் கழித்துத்தான் திரும்புவாள்.

மைக் இப்போது அவளிடம் இல்லை. மாடியில், நடைமேடைகளைப் பார்த்த கண்ணாடி அறையில் உட்கார்ந்து பல வருடங்கள் வண்டிகளை அறிவித்தாள். மூச்சுக் காற்று பட்டு எழுத்துகள் வெடிக்காமல் இருக்க மைக்கின் தலைக்குப் பழைய கைக்குட்டையில் ஓர் உறை தைத்து மாட்டியிருந்தாள். பிறகு நிர்வாகம் ஒரு இயந்திரம் வாங்கியது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறைக்கு அவளை அழைத்துப் போய் ஊர்ப் பெயர்களையும் எண்களையும் தனித்தனியாகச் சொல்ல வைத்துப் பதிவு செய்தார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் நடுவில் வருவதற்கு ஒன்று. முடிவில் வருவதற்குக் குரலைத் தாழ்த்தி இன்னொன்று. இயந்திரம் அவற்றை வெட்டி ஒட்டி, அவள் ஒருபோதும் பேசாத வாக்கியங்களை அவள் குரலில் பேசியது.

அவளைக் கீழே விசாரணை ஜன்னலுக்கு மாற்றினார்கள். தொலைந்த பொருட்களைத் திருப்பிக் கொடுப்பதும் அந்த ஜன்னல்தான்.

"மேலேயும் நீங்க, கீழேயும் நீங்க. நடுவுல நாங்க எங்கம்மா போறது?" என்பார் ஒரு கண்டக்டர்.

"வண்டியில ஏறிப் போங்க. அதுக்குத்தானே சம்பளம் தராங்க."

ஊருக்கே கேட்கும்படி பேசியவள் போனில் மட்டும் பேச மாட்டாள். ஜன்னல் மேஜையிலிருக்கும் போன் அடித்தால் பக்கத்து ஜன்னலில் டிக்கெட் கிழிப்பவள் எட்டி எடுப்பாள். மைக்கம்மாவின் மொபைலில் குறுஞ்செய்தி மட்டும்தான். காது சரியில்லை என்று சிலர் சொன்னார்கள். கஞ்சத்தனம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய இளம் வயதில் யாரோ அவள் குரலில் ஒரு போன் பேசினார்கள். அந்தப் போனில் அவளுடைய அக்காவின் கல்யாணம் நின்றது. அன்றைக்குப் பேச்சை நிறுத்திய அக்கா இன்னும் பேசவில்லை. பேசியது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்து, அக்கா வாயால் ஒரே ஒரு தடவை 'நீ பண்ணல' என்று கேட்க வேண்டும். வேறு பெரிய ஆசைகள் அவளுக்கு இருந்ததில்லை. இருந்தவையும் தாமாகவே கழன்று போயிருந்தன.

*

அவள் வளர்ந்த வீட்டில் போன் இருந்ததற்கு அப்பாதான் காரணம். அவர் தொலைபேசி இலாகாவில் லைன்மேன். இலாகா கொடுத்த வீட்டில், நடையில், ஒரு மர முக்காலி மேல் கறுப்பு போன் இருந்தது. சுழற்றும் வட்டில் ஒரு சின்னப் பூட்டு. சாவியை அம்மா கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். வெளியே யாரிடமாவது யாராவது பேச வேண்டுமென்றால் அம்மாவின் கழுத்திலிருந்து அந்தக் கயிறு கழற்றப்பட வேண்டும். அதற்கு முன் யார், எதற்கு, எவ்வளவு நேரம் என்று பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்கு இதற்கு ஒரு மாற்று வழி தெரியும். ரிசீவர் உட்காரும் கொம்பை விரலால் தட்ட வேண்டும். மூன்று என்றால் மூன்று தட்டு, இடைவெளி விட்டு அடுத்த எண். பூட்டு பூட்டியபடியே இருக்கும், போன் போய்விடும். இதை அவர் இளையவளுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லிடாத, குட்டி. அப்புறம் கொம்புக்கும் ஒரு பூட்டு போடுவா."

இளையவளுக்கு அம்மாவின் குரல். சாயல் இல்லை, அதே குரல். வேலை நேரத்தில் அப்பா கம்பத்து மேலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டு லைன் சோதிப்பார். எடுத்ததும், "யாரு? அம்மாவா, பொண்ணா?" என்பார். ஒருநாள் கேட்காமல் "மகாராணி சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பித்து, மறுமுனையில் இருப்பது மனைவி என்று தெரிந்து, கம்பத்திலிருந்து இறங்கவே பயப்பட்டார். மூத்தவளுக்கு அப்பாவின் குரல். தாழ்ந்தது, கொஞ்சம் கரகரப்பு.

அம்மா மூத்தவளைப் 'பெரியவ' என்பாள். இளையவளைச் 'சின்னது' என்பாள். பெரியவ வந்தா, பெரியவ சாப்பிட்டா, பெரியவ தூங்கறா. சின்னது வந்துச்சு, தின்னுச்சு, தூங்குது. வருகிறவர்கள் சிரிப்பார்கள். செல்லம் என்று நினைத்துக்கொள்வார்கள். வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு அவள் குட்டி, அக்காவுக்கு வாலு.

மூத்தவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். எதிர் வரிசையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்தார். கடைக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். "தம்பி, இவ்வளவு மாத்திரை தின்னா நெஜமாவே தலைவலி வந்துடும். வீட்ல பெரியவங்கள அனுப்பு" என்றார்.

பெரியவர்கள் வந்தார்கள். பேசி முடிவாயிற்று. அவர்கள் போன பிறகு அம்மா கோப்பைகளை அடுக்கியபடி சொன்னாள்:

"எனக்கென்ன, பெரியவ சந்தோஷமா இருந்தா சரி. நான் ஒண்டியா எப்படியாவது இருந்துக்குவேன்."

எதிரில் புருஷனும் இன்னொரு மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

*

கீழே மாறி வந்த பிறகு ஒரு கோடையில் விசாரணை ஜன்னலுக்கு ஒரு வயதானவர் வந்தார். வண்டியில் லென்ஸ் பையை விட்டுவிட்டேன் என்றார். பை வந்து சேர்ந்திருந்தது. மைக்கம்மா அதை அலமாரியிலிருந்து எடுத்து, நிறம் என்ன, உள்ளே என்ன என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

அவர் பதில் சொல்லாமல் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் பட்டதால் அவருக்கு முகம் தெரியவில்லை போல.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். தலைய நிமிர்த்துங்க."

அவள் தன்னையறியாமல் நிமிர்ந்தாள். இப்படி ஒருவர்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார். வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுக்கப் போனபோது, கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து. அன்றைக்கு அவர் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிற்பாடு விலை வைத்தார்கள்.

"நீங்களா?" என்றாள்.

"குரலக் கேட்டதும் நெனச்சேன்" என்றார் ஸ்டுடியோக்காரர். "போன்ல ஒரு தரம்தான் கேட்டேன். மறக்கல."

*

கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வந்தவர் ஸ்டுடியோக்காரரின் மாமா. உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. வலிப்பு இருக்கறத மறைச்சுட்டீங்க. நாங்க எப்படி..."

"வலிப்பா? யாருக்கு?" என்றார் அப்பா.

மூத்தவளுக்குக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் ஒரே ஒரு முறை கை கால் வெட்டி இழுத்தது. அதன் பிறகு எதுவும் இல்லை. அந்த ஒரு முறையும் வீட்டு ஆட்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"யார் சொன்னது?"

"வெளியாள் யாரும் இல்லீங்க. உங்க சின்னப் பொண்ணே போன் பண்ணிச் சொன்னாங்களாம். நல்ல மனசு, பாவம். அவங்களத் திட்டாதீங்க."

அம்மா மேஜையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் வந்தது அதிர்ச்சி இல்லை, இரக்கம்.

"சின்னதா இப்படிப் பண்ணுச்சு?" என்றாள்.

"நான் பண்ணல. நான் யாருக்கும் போன் பண்ணல."

"போன் பூட்டியிருக்குமே" என்றார் அப்பா. மகளுக்காகத்தான் சொன்னார். அம்மா கழுத்திலிருந்து கயிற்றை வெளியே இழுத்துச் சாவியைக் காட்டினாள்.

"சாவி என் கழுத்த விட்டு எறங்கல. பூட்டுன போன்ல பேசற வித்தைய யாரு யாருக்குச் சொல்லிக் குடுத்தது? எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

அப்பா குனிந்துகொண்டார். வந்த மாமா வாசலைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு யாரும் அவளைத் திட்டவில்லை. அம்மா திட்டவிடவில்லை. அக்கம்பக்கத்தில் யார் வந்து கேட்டாலும், "அறியாத வயசு. அந்தப் பையன்மேல அதுக்கும் ஒரு இது இருந்திருக்கு போல. போட்டோ எடுக்கப் போன எடத்துல ஒரே சிரிப்பாம். நான் மன்னிச்சுட்டேன். பெரியவதான் பெரிய மனசு பண்ணணும்" என்பாள். மன்னித்ததை வீதி முழுக்கச் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

அக்கா மட்டும் உடனே நம்பிவிடவில்லை. மறுநாள் மொட்டை மாடியில் இருவரும் காய்ந்த படுக்கை விரிப்புகளை எடுத்தார்கள். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். முனைகள் சேர்ந்த இடத்தில் அக்கா அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"வாலு, நெஜத்தச் சொல்லு. நீ இல்லதானே?"

"இல்லக்கா. என்மேல ஆணையா இல்ல."

"சரி. நான் அவரையே போய்க் கேக்கறேன்."

அடுத்த நாள் கடையிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். திரும்பி வந்து நடையில் நின்றாள். அம்மா அன்றைக்கும் எதையோ உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"இனிமே எங்கிட்டப் பேசாத" என்றாள்.

அவரே சொல்லிவிட்டார், குரலை அடையாளம் காட்டிவிட்டார் என்று தங்கை புரிந்துகொண்டாள். அந்த வாரம் மொட்டை மாடியில் அக்கா விரிப்புகளைத் தனியாக மடித்தாள். ஒரு விளிம்பைத் தாடையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு.

*

"பை உங்களுதுதான். எடுத்துக்குங்க" என்றாள் மைக்கம்மா. "ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்தப் போன்ல பேசினது நான் இல்ல."

ஸ்டுடியோக்காரர் சிரிக்கவில்லை. மேலே ஒலிபெருக்கியில் அவள் குரல் ஒரு வண்டி தாமதமாக வரும் என்று சொன்னது. அவர் முடியும் வரை கேட்டார்.

"இதே குரலும்மா."

"எங்கம்மா குரலும் இதுதான்."

அவர் தலையைச் சாய்த்தார். வரிசையில் பின்னால் நின்றவன், "அம்மா, ரெண்டாவது வண்டி எப்பம்மா?" என்றான்.

"மேல சொல்லிட்டுதானே இருக்கேன், கேளேன்" என்றாள் அவனைப் பார்க்காமல். பிறகு ஸ்டுடியோக்காரரிடம், "என்ன சொன்னாங்க? வார்த்த மாறாம சொல்ல முடியுமா?"

"கல்யாணம் நின்ன வார்த்த. மறக்குமா?" அவர் பையை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டார். "'நான் சின்னது பேசறேன். அக்காவுக்கு வலிப்பு இருக்கு. வீட்ல மறைச்சுட்டாங்க. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க.' அவ்வளவுதான், வெச்சுட்டாங்க. எனக்கு அதுல ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. ஒரு பொண்ணு தன்னையே சின்னதுன்னு சொல்லிக்குதே, இந்த வீட்ல என்ன பாடு படுத்தறாங்களோன்னு. அதனாலதான் நீங்க சொன்னது உண்மையா இருக்கும்னு நம்பினேன்."

அவள் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது.

"சின்னதுன்னா சொன்னாங்க? சின்னவ இல்ல?"

"சின்னது. எங்க மாமாதான் வீட்ல வந்து சொல்றப்போ சின்னப் பொண்ணுன்னு மரியாதையா மாத்திட்டாரு போல. நான் மாத்தல. உங்கக்கா ஸ்டுடியோவுக்கு வந்து கேட்டப்பவும் அப்படியேதான் சொன்னேன். பாவம், ஒண்ணும் பேசாம எறங்கிப் போயிட்டாங்க." பையைத் தோளில் மாட்டியபடி, "எங்க வீட்ல பயந்தாங்க. நானும் பயந்துட்டேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

கடைசியில் அவர் சொன்னவை அவள் காதில் சரியாக விழவில்லை. உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் அவளை அந்தச் சொல்லால் கூப்பிட்டது. மகளாக நடித்து, மகளின் முறைப்படி 'அக்கா' என்று கவனமாகச் சொன்ன வாய், மகளின் பெயர் வர வேண்டிய இடத்தில் தான் எப்போதும் கூப்பிடும் சொல்லைச் சொல்லிவிட்டது. வேறு சொல் அதற்குப் பழக்கமே இல்லை.

பக்கத்து ஜன்னல்காரி எட்டிப் பார்த்தாள். "என்ன மைக்கம்மா, சிரிக்கிறியா அழறியா?"

"கொஞ்சம் என் ஜன்னலையும் பாத்துக்க" என்றாள் மைக்கம்மா.

*

வீட்டை விட்டு அவள் போனதுகூடச் சண்டை போட்டு இல்லை. பேருந்து நிலையத்தில் வேலை கிடைத்தது, பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அம்மா வாசலில் நின்று, "கதவு தொறந்தேதான் இருக்கும்" என்றாள், எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி. அக்கா வெளியே வரவில்லை.

அவளுக்குக் கல்யாணப் பேச்சுகள் வந்தன. விசாரிக்க விரும்பியவர்கள் முறைப்படி அவளுடைய அம்மாவிடம் போய் விசாரித்தார்கள். பேச்சுகள் நின்றன.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு அடிக்கடி பேருந்து நிலையத்துக்கு வருவார். எந்த வண்டியிலும் ஏற மாட்டார். ஒலிபெருக்கிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் அறிவிப்பதை எல்லாம் கேட்டுவிட்டுப் போவார். அவள் மேலிருந்து பார்ப்பாள். ஒருநாள் மட்டும் படியேறி வந்தார். மைக்கின் உறையைத் தொட்டுப் பார்த்தார். கம்பிகள் சரியாகப் போயிருக்கின்றனவா என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். போகும்போது கதவருகே நின்று, "சாவி உங்கம்மாகிட்டதான் இருந்துச்சு, குட்டி" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாவி அம்மாவிடம் இருந்தது, அதனால் கொம்பைத் தட்டியவள் நீதான் என்று அவரும் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். அடுத்த வண்டியை அறிவித்தாள். திரும்பியபோது அவர் இல்லை. கொஞ்ச நாளில் நிஜமாகவே இல்லாமல் போனார். சாவு வீட்டில் அக்கா அவளுக்கு முதுகு காட்டி நின்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லோரும் பார்த்தார்கள்.

எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது மனது என்ன செய்யும்? ஒருவேளை நான்தானோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. தூக்கத்தில், காய்ச்சலில், ஏதோ ஒரு கோபத்தில். அக்காவைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை இருந்தது உண்மைதான். யாருக்கு இல்லை? பஞ்சுச் சுவர் அறையில் குரலைப் பதிவு செய்தபோது, எண்கள் முடிந்து ஊர்கள் ஆரம்பிக்கும் இடைவெளியில், தன் வாய்க்கு அது பழக்கமான வாக்கியமா என்று பார்க்க மெல்லச் சொல்லிப் பார்த்தாள்:

"எங்கக்காவுக்கு வலிப்பு இருக்கு."

தடங்கல் இல்லாமல் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் பதிவு செய்பவன் ஒரு காதிலிருந்து ஹெட்போனைத் தூக்கினான்.

"மேடம், அப்படி ஒரு ஸ்டாப் நம்ம ரூட்ல இருக்கா?"

*

ஸ்டுடியோக்காரர் வந்த அன்று மத்தியானமே அக்கா வீட்டுக்கு வண்டி ஏறினாள். ஜன்னலோர இருக்கை. அப்பா கதவருகே நின்று சொன்ன வாக்கியம் இப்போது வேறு பக்கமாகத் திரும்பி நின்றது. சாவி அம்மாவிடம் இருந்தது. அதனால் பேசியவள் அம்மா. அவ்வளவு நேரான வாக்கியம். அதைச் சொல்லத்தான் அவர் படியேறி வந்தார். அதற்கு மேல் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. கம்பத்தில் ஏறி இறங்கி ஆயுளைக் கழித்த மனிதர்.

வழியெல்லாம் அக்காவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாள். அக்கா அழுவாள் என்று நினைத்தாள். தானும் அழுதால் பேச்சு வராது. அதனால் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு அழ வேண்டும்.

இலாகா வீடு அப்பாவின் வேலையோடு போய்விட்டது. அக்காவும் அம்மாவும் மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தார்கள். அம்மா படுக்கையில் விழுந்து வெகுநாள் ஆகிறது என்று அவளுக்குத் தெரியும். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையில் கொடுக்கும் மருந்துகளை மேலே கொண்டுபோய் அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலையும் வீடும் ஒரே படிக்கட்டில் முடிந்துவிட்டன.

சங்கிலி போட்ட கதவு கொஞ்சம் திறந்தது. அக்காவின் தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்ன?"

"பேசணும்."

"போன்ல பேசியிருக்கலாமே."

இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த முதல் வாக்கியம் இது. இவள் அதை விழுங்கிக்கொண்டாள். "ஒரே ஒரு விஷயம். சொல்லிட்டுப் போயிடறேன்."

அக்கா சங்கிலியை எடுத்தாள். வா என்று சொல்லவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்துக்கு நடந்தாள். இவள் பின்னால் போனாள். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மருந்து வாடை. கொடியில் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. நோயாளி வீட்டு விரிப்புகள், துவைத்துத் துவைத்து நடுவில் மட்டும் நைந்தவை. அக்கா ஒன்றை உருவித் தாடையால் அழுத்திக்கொண்டாள்.

"சொல்லு."

"ஸ்டுடியோக்காரரப் பாத்தேன். ஜன்னலுக்கு வந்தாரு. அந்தப் போன்ல என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். 'நான் சின்னது பேசறேன்'னு சொன்னாங்களாம். சின்னது. அக்கா, நான் என்னிக்காவது என்னைச் சின்னதுன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"அப்ப யாருன்னு தெரியுதா?"

அக்கா தாடையைத் தளர்த்தி விரிப்பின் ஒரு பக்கத்தை நீட்டினாள்.

"முனையைப் பிடி."

பிடித்தாள். உதறினார்கள். கை மறக்கவில்லை, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நடந்து வந்து முனைகளைச் சேர்த்த இடத்தில் அக்கா சொன்னாள்:

"தெரியும்."

"இப்பத்தானே நான்..."

"எனக்கு அப்பவே தெரியும். எங்கிட்டயும் அதே வார்த்தயத்தான் சொன்னாரு. ஸ்டுடியோ படி எறங்கறதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு."

இவள் கையில் விரிப்பின் முனை இருந்தது. ஜன்னலில் அவர் சொன்னது, காதில் சரியாக விழாதது, இப்போது விழுந்தது.

"அப்ப ஏன் என்னை..."

"வேற என்ன பண்றது?" அக்காவின் குரல் உயரவில்லை. "வீட்டுக்கு வந்தேன். அம்மா உக்காந்து உரிச்சிட்டிருந்தா. அவ ஆக்கறதத்தான் சாப்பிடணும், அவ பக்கத்துலதான் படுக்கணும். கூடவே இருக்கறவள வெறுத்துட்டு ஒரு வீட்ல எப்படி இருக்கறது? உன்னை வெறுத்தா நீ போயிடுவே. போயிட்டே. எனக்குச் சுலபமாப் போச்சு."

"நாம ரெண்டு பேரும் போயிருக்கலாமே."

"போயிருக்கலாம்."

கடையில் இல்லாத மருந்தை இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். இன்னொரு விரிப்பை உருவினாள்.

"நான்தான் பேசியிருப்பேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அக்கா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல."

"இப்ப என்ன வேணும் உனக்கு? நீ பண்ணலன்னு நான் சொல்லணும். அதுக்குத்தானே வந்தே? நீ பண்ணல. போதுமா?"

இதற்குத்தான் காத்திருந்தாள். அது சில்லறை போல வந்து கையில் விழுந்தது. வைத்துக்கொள்ள எங்கேயும் இடம் இருக்கவில்லை.

"நீ இதைக் கொண்டு வராம இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா. "தெனம் காலையில அவளத் தொடைக்கணும். திருப்பிப் படுக்க வைக்கணும். வாயத் தொறந்து ஊட்டணும். கோவம் வரும். வர்ற கோவத்த எல்லாம் உன்மேல போட்டுட்டு இவளத் தொடைப்பேன். நீ தூரத்துல இருந்தே, வசதியா இருந்துச்சு. இப்ப இதை வாய் விட்டுப் பேசியாச்சு. நாளைக்கு நான் யார் மேல போட்டுட்டுத் தொடைக்கறது?"

மைக்கம்மா அக்கா உருவிய விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. உடம்பு போயிருந்தாலும் குரல் போகவில்லை. தன் குரலே மாடியிலிருந்து ஒலிபெருக்கியில் வருவதுபோல இவளுக்கு இருந்தது.

"பெரியவளே, யார்கிட்டப் பேசறே? சின்னதா வந்திருக்கு?"

மைக்கம்மா வாயைத் திறந்தாள். அக்கா அவளைப் பார்த்தாள். பழைய நாளில் நடையில் நின்று பார்த்த மாதிரியேதான், ரொம்ப நேரம். பிறகு இவள் கையிலிருந்த விரிப்பின் முனையை விரல் விரலாக விடுவித்து வாங்கி, மடித்து, கைமேல் போட்டுக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள் உள்ளே பார்த்து. "சின்னதுதான். கெளம்பிடுச்சு."

'சின்னது' என்ற சொல்லை அக்கா அதற்கு முன் சொன்னதே இல்லை. அப்பாவின் குரலில் அது வெகுநாள் புழங்கியது போல ஒலித்தது.

அவள் வெளியே வந்ததும் கதவுக்கு உள்ளே சங்கிலி விழுந்தது. ஒரு மாடி இறங்கியதும் மைக்கம்மா நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாக்கியத்தின் முடிவில் வரும் சொல்லைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி, ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"கெளம்பிடுச்சு."